"பூங்காவில் மிஞ்சிய ஜோடி" என்று சொல்லி விற்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: என் மகள் மார்மோசெட் குரங்கு வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். செல்லப்பிராணி விற்பவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு ஜோடியின் வீடியோ அனுப்பினார். "உயிரியல் பூங்காவில் உபரியாக இருந்தவை, சிப் போட்டிருக்கிறது, பேப்பர் பின்னால் வரும்" என்கிறார். பூங்காக்களில் விலங்குகள் திருடுபோகும் செய்திகளைப் படித்திருப்பதால் தயக்கமாக இருக்கிறது. திருட்டு விலங்கா, இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கோவை வாசகி)

பதில்: வாங்காதீர்கள். அவர் சொன்ன முதல் வாக்கியமே போதும். இந்தியாவில் எந்த உயிரியல் பூங்காவும் தன் விலங்கைத் தனியாருக்கு விற்க முடியாது. அங்கீகாரம் பெற்ற ஒரு பூங்கா இன்னொரு அங்கீகாரம் பெற்ற பூங்காவுக்குத்தான் கொடுக்கலாம், அதற்கும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அனுமதி வேண்டும். குட்டிகள் எத்தனை மிஞ்சினாலும் இதுதான் சட்டம். ஆகவே அவர் பொய் சொல்கிறார், இல்லையென்றால் அந்த ஜோடி பூங்காவிலிருந்து திருடப்பட்டது.

உங்கள் தயக்கம் நியாயமானது. 2022 பிப்ரவரியில் வண்டலூர் அண்ணா உயிரியல் பூங்காவில் கூண்டின் கம்பிவலையை வெட்டி இரண்டு அணில் குரங்குகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சில நாட்களில் அவை மீட்கப்பட்டன. கைதானவர்களில் பூங்காவில் ஒப்பந்த வேலை பார்த்தவரும் இருந்தார். அதற்கு முன், 2020 நவம்பரில் மாமல்லபுரம் சாலையில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து ஓர் அல்டாப்ரா ராட்சத ஆமை காணாமல் போனது. எடை கிட்டத்தட்ட 80 கிலோ. அதை ஓசையில்லாமல் வெளியே கொண்டுபோக எந்த வாசலில் யார் எப்போது இருப்பார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட திருட்டுகளில் போலீஸ் முதலில் உள்ளே வேலை பார்ப்பவர்களை விசாரிப்பது அதனால்தான். மார்மோசெட் விஷயத்தில் இந்தச் சிரமம்கூடக் கிடையாது. வளர்ந்த மார்மோசெட்டே ஏறக்குறைய 300 கிராம்தான், சட்டைப் பையில்கூட அடங்கும். பிரான்சின் போவால் பூங்காவில் 2015-இல் ஒரே இரவில் 17 சிறு குரங்குகள் களவுபோனதற்கும் இந்தச் சிறிய உருவம் வசதியாக இருந்திருக்கும்.

சரி, சிப் இருக்கிறதே என்கிறீர்கள். சிப் என்பது அரிசி மணி அளவுள்ள ஒரு கண்ணாடிக் குழல், உள்ளே 15 இலக்க எண். ஊசியால் தோலுக்கடியில் யார் வேண்டுமானாலும் ஏற்றிவிடலாம். விற்பவரே நேற்று ஏற்றியிருக்கலாம். அந்த எண்ணை கால்நடை மருத்துவர் ஸ்கேனரில் படித்துச் சொல்வார், அவ்வளவுதான். அது யாருடைய விலங்கு என்று ஸ்கேனர் சொல்லாது. அதே எண் இறக்குமதி உரிமத்திலோ அரசுப் பதிவுச் சான்றிலோ அச்சாகியிருந்தால்தான் அதற்கு மதிப்பு. கிளி வாங்குபவர்களும் இதே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். கிளியின் காலில் குஞ்சுப் பருவத்தில் மட்டுமே மாட்ட முடிகிற, வெட்டுவாயில்லாத முழு வளையம் ஓரளவு நம்பகமானது. வாய் திறந்த வளையத்தை எந்த வயதிலும் மாட்டலாம்.

"பேப்பர்" விஷயத்துக்கு வருகிறேன். மார்மோசெட், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இனம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், இத்தகைய விலங்கை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்தே ஆக வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது, அது ஆகஸ்டில் முடிந்தது. இப்போது புதிதாகக் கைக்கு வந்தால் 30 நாட்களுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எனவே முறையாக விற்பவரிடம் அவர் பெயரிலேயே பதிவுச் சான்று இப்போதே இருக்கும். பேப்பர் பின்னால் வராது. தாய் தகப்பன் விலங்குகளின் பதிவு, அவை நாட்டுக்குள் வந்த உரிமம், பிறப்பு தெரிவிக்கப்பட்ட விவரம் என்று சங்கிலி அறுபடாமல் காட்ட முடிய வேண்டும். பூங்காவில் திருடியதாக இல்லாவிட்டாலும் பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் மூச்சுத் திணறி வந்ததாக இருக்கலாம். சென்னை விமான நிலையத்தில் அப்படிப் பலமுறை பிடித்திருக்கிறார்கள்.

இதில் உங்களுக்கும் ஆபத்து உண்டு. திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் நேர்மையற்ற முறையில் வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். சந்தேகப்பட்டு எனக்கு எழுதிவிட்டீர்கள், இனி "எனக்குத் தெரியாது" என்று சொல்வது கடினம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், என் மனதை அதிகம் உறுத்துவது அதுதான். அமெரிக்காவின் சாண்டா அனா பூங்காவில் 2018-இல் ஓர் இளைஞன் செல்லமாக வளர்க்க ஆசைப்பட்டு, ஐசக் என்ற வளையவால் லெமூரை (குரங்கைப் போன்ற விலங்கு) திருடினான். ஐசக்குக்கு அப்போது 32 வயது, அந்த இனத்துக்கு முதிர்ந்த வயது. காற்றோட்டமே இல்லாத பிளாஸ்டிக் பீப்பாயில் அடைத்து வைத்திருந்தான், பிறகு ஒரு ஓட்டல் வாசலில் சீட்டெழுதி வைத்துவிட்டுப் போய்விட்டான். ஐசக் பிழைத்தது அதன் அதிர்ஷ்டம். ஆசைப்பட்டு வளர்ப்பவருக்கு அந்த விலங்கின் தேவை தெரியாது என்பதுதான் சிக்கல். மார்மோசெட் காட்டில் மரத்தைக் கடித்துப் பிசின் குடித்து வாழும் உயிர். காட்சிசாலைகளில் வேலம் பிசினை அதற்காகவே உணவில் சேர்ப்பார்கள். வைட்டமின் டி3 குறைந்தால் எலும்பு வளைந்து நொறுங்கும். வாழைப்பழமும் பிஸ்கட்டும் கொடுத்து வளர்க்கப்பட்டவை தாடை வீங்கிப் பின்னங்காலை இழுத்துக்கொண்டு நடக்கும். அப்புறம், நம் உதட்டில் வருமே காய்ச்சல் கொப்புளம், அந்த ஹெர்பிஸ் கிருமி மார்மோசெட்டைத் தொற்றினால் பெரும்பாலும் கொன்றுவிடும். உங்கள் மகள் ஒரு முத்தம் கொடுத்தாலே போதும்.

இப்போது செய்ய வேண்டியது: பணம் அனுப்பாதீர்கள், முன்பணம்கூட. விற்பவரோடு சண்டை போடவும் வேண்டாம், மறுநாளே விலங்கை வேறிடத்துக்கு மாற்றிவிடுவார். வீடியோ, உரையாடல், அவருடைய எண், பணம் கேட்ட கணக்கு விவரம் எல்லாவற்றையும் எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு மாவட்ட வன அலுவலகத்தில் கொடுங்கள். வன உயிரினக் குற்றக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தென்மண்டல அலுவலகமும் சென்னையில் இருக்கிறது. வீடியோவை அழிக்காமல் வைத்திருங்கள். காதில் உள்ள வெட்டு, வாலின் வளையங்கள், பழைய தழும்பு ஆகியவற்றை வைத்துப் பராமரிப்பாளர் தன் விலங்கை அடையாளம் சொல்லிவிடுவார்.

"காப்பாற்றுவதற்காக வாங்கி ஒப்படைக்கிறேன்" என்றும் நினைக்காதீர்கள். அந்தப் பணத்தில்தான் அடுத்த கூண்டின் வலை வெட்டப்படும். உங்களுக்குத் தெரிந்த யாராவது ஏற்கெனவே வாங்கி வைத்துப் பயந்துகொண்டிருந்தால், தோட்டத்திலோ மலையடிவாரத்திலோ திறந்து விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அது அங்கே பட்டினியில் சாகும், அல்லது நாய்க்கு இரையாகும். ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, விலங்கோடு வன அலுவலகத்துக்கு அவர்களாகவே போவதுதான் நல்லது.