கிணற்றடிக் கீழ்க்காய்நெல்லியும் செங்கண்மாரியும்

கேள்வி: எங்கள் வீடு களுவாஞ்சிக்குடியில். மாரி மழைக்குப் பிறகு கிணற்றடியில் கீழ்க்காய்நெல்லி போல ஒரு செடி நிறைய முளைத்திருக்கிறது. அதுதானா என்று எப்படி அறிவது? வளவில் வளர்க்க ஆசை. கணவர் படுவான்கரையில் வயல் செய்கிறார். செங்கண்மாரி (மஞ்சள் காமாலை) வந்தால் கைமருந்தாக இருக்கும் என்கிறா மாமி. மாமிக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு). அவவும் அவித்துக் குடிக்கலாமா?

பதில்: ஒரு கிளையைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். இலைகளுக்குக் கீழே, கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்க வேண்டும். தண்டு பச்சையாக, காய் வழுவழுப்பாக, சிறு காம்போடு இருந்தால் அது கீழ்க்காய்நெல்லிதான். தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாகக் கிளையோடு ஒட்டியிருந்தால் அது செங்கீழ்நெல்லி. உறவுக்காரச் செடி, கலக்க வேண்டாம். கிள்ளினால் பால் வருவதைப் பிடுங்கி எறியுங்கள். பொழுதுபட இலை மூடுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள், இரண்டு நெல்லியும் அப்படித்தான் மூடும்.

வளர்க்கப் பெரிய பாடில்லை. உங்கள் மணல் நிலத்தில் மக்கிய மாட்டெருவைக் கலந்து, அரை நிழலில் விதையை மேலாகத் தூவினால் போதும். வெயில் காலத்தில் செடி பட்டுவிடும். நாலைந்தைக் காய் முற்றும்வரை விட்டுவைத்தால் அடுத்த மாரிக்குத் தானே முளைக்கும். களைநாசினி அடித்த வரம்பிலோ மலசலகூடக் குழியருகிலோ முளைத்ததை மருந்துக்கு எடுக்க வேண்டாம்.

எனக்குக் கவலை தருவது மாமியின் 'கைமருந்து'தான். கண் மஞ்சளாவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஏ வகை ஈரல் அழற்சி பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே மாறிவிடும். அந்த நேரத்தில் குடித்த கசாயத்துக்கே பெயர் போய்ச் சேரும். பி வகைக்கு இந்தச் செடி நல்ல பலன் தந்ததாகச் சென்னை ஆய்வொன்று 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது உண்மைதான். பின்னர் நடந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

வயல் செய்கிறவருக்குச் செங்கண்மாரி என்றால் நான் முதலில் நினைப்பது எலிக்காய்ச்சலை. எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீர் காலில் உள்ள சிறு வெட்டுக்காயம் வழியாக உள்ளே போக, பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமைக்குள் திடீர்க் காய்ச்சல், கடும் தலையிடி, கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு வரும். மஞ்சளும் சிறுநீர் குறைவதும் நோய் முற்றுவதன் அடையாளம், சிறுநீரகம் பழுதாகலாம். அந்த நேரம் அம்மி தேடக் கூடாது, ஆசுபத்திரிக்கு ஓட வேண்டும். 'வயலில் நின்றவர்' என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். டைக்குளோபினாக், ஐபுபுரொபன் போன்ற நோவு மாத்திரைகள் வேண்டாம், அந்தக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம்.

உழவும் அறுவடையும் நடக்கும் நாட்களில் கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் மாத்திரை எடுப்பது எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு முறை. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கணவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

மாமிக்கு: சீனி மாத்திரையோடு இந்தக் கசாயமும் சேர்ந்தால் சீனி அளவு இறங்கிப் போகலாம். கிளினிக்கில் கேட்காமல் குடிக்க வேண்டாம். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்களுக்கும் இது வேண்டாம்.