பியூரிட்டன்களும் அவர்களுடைய கடவுளும்: கேள்வி பதில்

கேள்வி: யார் இரட்சிக்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்பே குறித்துவிட்டார் என்றால், ஒருவர் ஒழுக்கமாக வாழ்ந்து என்ன பயன்?

பதில்: பலரும் முதலில் கேட்பது இதைத்தான். இங்கிலாந்துத் திருச்சபையை இன்னும் சீர்திருத்த விரும்பிய 16, 17-ஆம் நூற்றாண்டுப் புராட்டஸ்டன்ட்கள்தான் பியூரிட்டன்கள்; அவர்களில் பலர் அமெரிக்காவில் குடியேறினார்கள். அவர்களுக்கு நல்ல நடத்தை என்பது இரட்சிப்புக்குக் கொடுக்கும் விலை அல்ல. கிருபை ஏற்கெனவே உள்ளே வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். ஆனால் வெளிவேஷக்காரனும் ஒழுங்காக நடக்க முடியுமே! அதனால்தான் தங்கள் மனதையே ஓயாமல் சோதித்தார்கள், நாட்குறிப்பு எழுதினார்கள், காலையில் இருந்த நிச்சயம் சாயங்காலம் போய்விட்டதே என்று கலங்கினார்கள். அப்படித் தவித்தவர்களுக்கு வில்லியம் பெர்கின்ஸ் (1558–1602) என்ற கேம்பிரிட்ஜ் போதகர் சொன்ன ஆறுதல் எனக்கு மிகவும் பிடிக்கும். விசுவாசம் வேண்டுமே என்று உண்மையாக ஏங்குகிறவனின் ஏக்கத்தையே கடவுள் விசுவாசமாக ஏற்றுக்கொள்கிறார் என்றார். முன்குறித்தலைக் கறாராகப் போதித்தவரும் அவரேதான்.

கேள்வி: ஐயா, சர்வவல்லவர் மனிதனோடு உடன்படிக்கை செய்ய வேண்டிய தேவை என்ன?

பதில்: தேவையே இல்லை. இருந்தும் செய்தார் என்பதுதான் அவர்களுடைய வியப்பு. ஆதாமோடு செய்தது கிரியைகளின் உடன்படிக்கை: கீழ்ப்படிந்தால் ஜீவன். அவன் அதை மீறினான். பிறகு கிருபையின் உடன்படிக்கை: மனிதனால் முடியாததைக் கிறிஸ்து நிறைவேற்றினார். இங்கிலாந்தில் கூடிய போதகர் மன்றம் 1646-இல் எழுதி முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 7-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கடவுளுக்கும் படைப்புக்கும் நடுவே உள்ள தூரம் மிகப் பெரியது, அவராக மனமிரங்கி இறங்கி வந்தாலொழிய மனிதன் அவரால் எந்த ஆசீர்வாதமும் பெற முடியாது, அப்படி இறங்கி வந்த விதமே உடன்படிக்கை என்கிறது. இவர்களுடைய கடவுளை வெறும் கொடுங்கோலர் என்று சொல்பவர்கள் இந்த அதிகாரத்தை வாசிக்க வேண்டும்.

1630-இல் அட்லாண்டிக்கைக் கடந்த ஜான் வின்த்ராப், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் ஆளுநர், இதே எண்ணத்தைக் குடியேற்றம் முழுவதற்கும் விரித்தார்: ஊரே கடவுளோடு உடன்படிக்கையில் இருக்கிறது, அதை மீறினால் தண்டனை வரும். வறட்சியோ கொள்ளைநோயோ வந்தால் ஊரே உபவாச நாள் அனுசரித்தது அதனால்தான்.

கேள்வி: கிறிஸ்துமஸைத் தடை செய்தார்களாமே?

பதில்: ஆமாம். மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை, கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம். வேதம் கட்டளையிடாத பண்டிகை என்பது காரணம்.

கேள்வி: கடவுள் ஒருவரிடம் நேரடியாகப் பேசுவார் என்று நம்பினார்களா?

பதில்: வேதத்தின் வழியாக, ஆவியானவரின் துணையோடு பேசுவார் என்று நம்பினார்கள். வேதத்துக்கு வெளியே என்றால் பயந்தார்கள். பெரும்பாலான போதகர்கள் கிரியைகளின் உடன்படிக்கையைத்தான் பிரசங்கிக்கிறார்கள் என்று குறை சொன்ன ஆன் ஹட்சின்சன் என்ற மாசசூசெட்ஸ் பெண்ணை 1637-இல் விசாரித்தார்கள். ஆவியானவர் தனக்கு வெளிப்படுத்தினார் என்று அவர் சொன்னார். உன்னிடம் பேசியது ஆவியானவர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டதும், மகனைப் பலியிடச் சொன்னது கடவுள்தான் என்று ஆபிரகாமுக்கு எப்படித் தெரிந்தது என்று திருப்பிக் கேட்டார். நேரடிக் குரலால் என்றார் துணை ஆளுநர். எனக்கும் அப்படித்தான் என்றார் ஆன். அதன்பின் அவரைக் குடியேற்றத்தை விட்டே வெளியேற்றினார்கள். நியாயமற்ற தீர்ப்பு என்பதே என் கருத்து. உள்ளத்தில் கிருபையைத் தேடச் சொல்லிக் கொடுத்தவர்கள், ஒரு பெண் தேடிக் கண்டேன் என்றதும் பொறுக்கவில்லை.

கேள்வி: அண்ணா, இவ்வளவு பயத்தோடு கடவுளை நேசிக்க முடியுமா?

பதில்: மாசசூசெட்ஸில் வாழ்ந்த பியூரிட்டன் கவிஞர் ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் கவிதை ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. 1666 ஜூலை 10 இரவு அவர் வீடு எரிந்தது. கொடுத்தவரே எடுத்தார் என்று யோபுவைப் போல முதலில் கடவுளைத் துதிக்கிறார். ஆனால் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண் அங்கேயே போகிறது: அந்தப் பெட்டி இங்கே இருந்தது, இனி இந்த மேசையில் விருந்தாளி சாப்பிட மாட்டார். பிறகு தன் மனதைத் தானே கடிந்துகொண்டு, பரலோகத்தில் இருக்கும் வீட்டை நினைக்கிறார். பெட்டியை நினைத்து அழுததைக் கடவுளிடம் மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அதைத்தான் நான் நேசம் என்பேன்.

கேள்வி: தமிழ்ச் சபைகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. யாழ்ப்பாணத்துக்கு 1816-இலும் மதுரைக்கு 1834-இலும் வந்த அமெரிக்கன் மிஷன்களை அனுப்பிய சங்கத்தை 1810-இல் தொடங்கியவர்கள் நியூ இங்கிலாந்தின் (மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்கு அமெரிக்கப் பகுதி) காங்கிரகேஷனல் சபையார், அதாவது ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும் முறையைச் சேர்ந்தவர்கள். அந்தச் சபைகள் பியூரிட்டன்கள் நட்டவை.