ஊஞ்சலை ஓயவிட்டுத் திருப்புங்கள்: ஹாம் வானொலிக் கேள்வி-பதில்

இந்த முறை பிஎஸ்கே31 பற்றித்தான், அதாவது கணினியில் தட்டும் எழுத்துகளை வானலையில் அனுப்பும் முறை பற்றித்தான், நிறையக் கேட்டிருக்கிறீர்கள். குறுஞ்செய்திகளை மட்டும் தானாகப் பரிமாறும் எஃப்டி8 முறை வந்த பிறகும் விசைப்பலகையில் தட்டித் தட்டி நாலு வார்த்தை பேச ஆசைப்படுபவர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், மகிழ்ச்சி.

பிஎஸ்கே31-இல் கட்ட (ஃபேஸ்) மாற்றத்தை மென்பொருளே மென்மையாக்கிவிடுகிறதே, பிறகு ஏன் என் சிக்னல் பரவி இடைஞ்சல் செய்வதாகப் புகார் வருகிறது? (உட்லண்ட்ஸ்)

மென்பொருள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. கெடுவது அதற்கு அப்புறம்.

பிஎஸ்கே31-இல் எழுத்துகள் 0, 1 என்ற குறியீடுகளாகப் போகும். 0 அனுப்பும்போது கட்டம், அதாவது அலை தன் சுற்றில் இருக்கும் நிலை, 180 பாகை திரும்பும். வேகமாக ஆடும் ஊஞ்சலை வெடுக்கென்று எதிர்ப்பக்கம் இழுத்தால் சங்கிலி கடகடக்கும் அல்லவா? வானலையில் அந்தக் கடகடப்புதான் இருபுறமும் சிதறுகிறது. 1998-இல் இந்த முறையை வெளியிட்ட பீட்டர் மார்டினெஸ், ஊஞ்சலை ஓயவிட்டுத் திருப்பும் வழியைத் தேர்ந்தெடுத்தார்: வீச்சு (அலையின் உயரம்) கொசைன் வளைவில் இறங்கிச் சுழியைத் தொடும், அங்கே கட்டம் திரும்பும், பிறகு மறுபடி ஏறும். எல்லாம் 32 மில்லி விநாடிக்குள்.

ஆக, உங்கள் சிக்னலுக்கு மேடும் பள்ளமும் உண்டு. கணினியிலிருந்து போகும் ஆடியோ அளவைக் கூட்டி வைத்தால் ரிக் (வானொலிக் கருவி) அந்த மேடுகளின் தலையைத் தட்டையாக்கிவிடும். எதுவும் தட்டாமல் சும்மா அனுப்பிக்கொண்டிருக்கும்போது யாரையாவது வாட்டர்ஃபாலில் (அதிர்வெண்களைக் கோடுகளாகக் காட்டும் திரை) பார்க்கச் சொல்லுங்கள். 31.25 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டே கோடுகள் தெரிய வேண்டும். அதே இடைவெளியில் வெளியே இன்னும் கோடுகள் பளிச்சென்று முளைத்திருந்தால், புகார் நியாயமானதே.

ரிக்கில் குரலைத் தூக்கிக் காட்டும் ஸ்பீச் பிராசஸரை அணையுங்கள். ஏஎல்சி (ஆடியோ மிகும்போது ரிக் தானாக அடக்கும் அமைப்பு) முள் அசையாத அளவுக்குக் கணினியின் சவுண்ட் கார்டு ஒலியைக் குறையுங்கள். 100 வாட் ரிக்கில் 25, 30 வாட் தாராளம். நானும் தொடக்கத்தில் முழுச் சக்தியில் அனுப்பியவன்தான். ஓர் ஆஸ்திரேலிய நிலையம், ‘உங்களை நான்கு இடத்தில் படிக்க முடிகிறது’ என்று நாசூக்காகச் சொன்ன பிறகுதான் உறைத்தது.

எஃப்டி8-இலும் இந்தத் தொல்லை உண்டா? (தெம்பனிஸ்)

இந்த வடிவில் இல்லை. அது கட்டத்தைத் திருப்புவதில்லை, 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளியில் உள்ள எட்டுத் தொனிகளுக்கிடையே வழுக்கிச் செல்கிறது, வீச்சும் ஒரே சீராக இருக்கும். அதற்காக ஆடியோவை முறுக்கி ஏற்றிவிடாதீர்கள். ஹார்மோனிக்ஸ், அதாவது தொனியின் மடங்கு அதிர்வெண்களில் வேண்டாத சிக்னல்கள், கிளம்பும்.

பிஎஸ்கே31-க்கு நானே நிரல் எழுதுகிறேன். 1000 ஹெர்ட்ஸில் சுத்தமாக இருக்கும் சிக்னல் 1010-இல் டிக் டிக் என்கிறது. ஏன்? (பாலிடெக்னிக் மாணவர்)

அருமையான கேள்வி. ஒவ்வொரு குறியீடும் தொடங்கும்போது சைன் அலையைச் சுழியிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1000 ஹெர்ட்ஸில் 32 மில்லி விநாடிக்குச் சரியாக 32 சுற்று. அதனால் தவறு வெளியே தெரியாது. 1010-இல் 32.32 சுற்று. மிச்சமுள்ள 0.32 சுற்று, ஏறத்தாழ 115 பாகை, ஒவ்வொரு முறையும் எகிறிக் குதிக்கிறது. கட்டக் கணக்கை அறுக்காமல் தொடர விடுங்கள். விநாடிக்கு 8000 மாதிரி (சாம்பிள்) வேகத்தில் ஒரு குறியீட்டுக்கு 256 மாதிரிகள்; திருப்பம் வரும் இடத்தில் மட்டும் cos(πn/256)-ஆல் பெருக்குங்கள். 1 வரும்போது வீச்சு இறங்கவே கூடாது.

இரவு எட்டு மணிக்கு மேல் சிக்னல் பலமாக வருகிறது, எழுத்து மட்டும் குப்பையாக விழுகிறது. ரிக் கோளாறா? (ஜூரோங்)

ரிக்கைத் திறக்காதீர்கள். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். இங்கே சூரியன் மறைந்த பிறகு நம் அலைகளைத் தரைக்குத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தின் எஃப் அடுக்கு கொந்தளிக்கும்; மார்ச், செப்டம்பரையொட்டிய மாதங்களில் இது அதிகம். வழியில் கட்டம் தாறுமாறாக ஆடுவதால், அனுப்பியவர் எவ்வளவு மென்மையாகத் திருப்பியிருந்தாலும் பெறும் மென்பொருள் குழம்பிவிடும். முந்தைய குறியீட்டோடு ஒப்பிட்டுத்தானே அது படிக்கிறது? அதிர்வெண் 2 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் ஒரு குறியீட்டுக்குள் 23 பாகை போய்விடும். இதன் இருமடங்கு வேக வடிவமான பிஎஸ்கே63-இல் குறியீட்டு நேரம் பாதி என்பதால் அந்த நழுவலும் பாதிதான். எதிர்முனையில் இருப்பவரையும் அதற்கு மாறச் சொல்லிப் பாருங்கள். சரிப்படவில்லையென்றால் சாப்பிட்டுவிட்டு, கொந்தளிப்பு அடங்கியதும் வாருங்கள்.