நகைக்கடனை உயர்த்தி ஜெனரேட்டர் வாங்கலாமா?

கேள்வி: பட்டுக்கோட்டை அருகே வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். ஓய்வூதியம் 45,000 ரூபாய். வங்கி வைப்பில் 2 லட்சம் உள்ளது. என் மனைவிக்கு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) தேவைப்படுகிறது. 2018 கஜா புயலில் வாரக்கணக்கில் மின்சாரமின்றித் தவித்ததால், 2 ஏசி உட்பட வீடு முழுவதும் இயங்க 15 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைக் குறிக்கும் அளவு) டீசல் ஜெனரேட்டர் வாங்கும்படி மகன் வற்புறுத்துகிறான். ஆண்டுதோறும் வட்டி மட்டும் கட்டி மாற்றி வைத்துவரும் 6 லட்சம் நகைக்கடனை, தங்கம் விலை ஏறியிருப்பதால் 10 லட்சமாக உயர்த்திக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் மனைவிக்கு மின்சாரம் தடைபடக் கூடாது என்பதில் மறுபேச்சே இல்லை. என் கவலையெல்லாம், தங்கம் விலை ஏறும்போது நகையை மீட்க நினைக்காமல் கடனை ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றித்தான். 9 சதவீதம் என்று வைத்தால்கூட, 10 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 90,000 ரூபாய். அதாவது இரண்டு மாத ஓய்வூதியம் முழுவதும் போன பிறகும் அசலில் ஒரு ரூபாய் குறைந்திருக்காது. புயல் இல்லாத ஆண்டில் மொத்தம் 60 மணி நேரம் மின்தடை என்று கொண்டால், கூடுதலாக வாங்கும் 4 லட்சத்தின் வட்டி மட்டுமே, டீசல் ஊற்றுவதற்கு முன்பே, மணிக்கு 600 ரூபாய் ஆகிறது.

நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கான்சென்ட்ரேட்டர் ஏறத்தாழ 350 வாட்தான் இழுக்கும். மின்விசிறி, விளக்குகளோடு 500 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி இரண்டு கொண்ட சைன் வேவ் இன்வெர்ட்டர் (மின்வாரிய மின்சாரம் போலவே சீராகத் தருவது) இதைச் சுமார் 4 மணி நேரம் தாங்கும். இவ்வளவு சிறிய சுமைக்கு 15 கேவிஏ இயந்திரத்தை அடிக்கடி ஓட்டினால், சரியாக எரியாத டீசல் கரியாகப் படிந்து அதுவே தனிச் செலவாகும். புயல் நாள்களுக்கு, பேட்டரியை ஏற்றவும் ஃபிரிட்ஜை ஓட்டவும் 3 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் போதும்.

இன்வெர்ட்டருக்கு 45,000, ஜெனரேட்டருக்கு 70,000, ஒயரிங்குக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்கும் (மின்வாரிய இணைப்பு, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைப்பது) 15,000 என்று உத்தேசமாக 1.30 லட்சம் ஆகும், வைப்புத்தொகையிலிருந்தே எடுங்கள். சேஞ்ச்ஓவர் சுவிட்சில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அது இல்லையென்றால் உங்கள் மின்சாரம் வெளிக்கம்பியில் பாய்ந்து, பழுதுபார்க்கும் லைன்மேனின் உயிருக்கே ஆபத்தாகும். புகை வீட்டுக்குள் வராதபடி ஜெனரேட்டரைத் திறந்தவெளியில் வையுங்கள். மாதம் ஒருமுறை சுமை கொடுத்து 20 நிமிடம் ஓட்டுங்கள். ஆண்டுக்கொருமுறை ஆயில் மாற்றுங்கள்.

மானியத்தோடு சோலார் போட்டால் எல்லாம் தீரும் என்று யாராவது வருவார்கள். மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் சாதாரண சோலார், மின்தடையின்போது தானும் நின்றுவிடும் என்பதை அவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஏசி கட்டாயம் வேண்டும் என்றால் அந்தக் கூடுதல் செலவை மகன் தன் சம்பளத்திலிருந்து ஏற்கட்டும். நீங்கள் இந்த மாதம் முதல் வட்டியோடு 8,000 ரூபாயாவது அசலில் கட்டுங்கள். ஆண்டுக்கு 96,000 குறையும். அடுத்த முறை மாற்றி வைக்கும்போது, அதற்கு ஈடான நகையைப் பிரித்துக் கேட்டு மீட்டுவிடுங்கள்.