வரிசையில் எத்தனை தலைகள்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில் மனைவி, மகனுடன் இருக்கிறேன். எச்-1பி வேலை விசா. வேலை வழி கிரீன் கார்டுக்கு, மேற்படிப்புக்காரர்களுக்கான ஈபி-2 பிரிவில், வரிசையில் என் இடத்தைக் குறிக்கும் பிரயாரிட்டி தேதி ஜூன் 2017. ஒரு நாட்டுக்கு இவ்வளவுதான் கிரீன் கார்டு என்ற நாட்டுவாரி உச்சவரம்பை நீக்கும் மசோதா இந்தமுறையாவது நிறைவேறுமா? எங்கள் தகுதிக்கு மதிப்பே இல்லை. பிலிப்பைன்ஸ் நர்ஸ்களும் ஈரானிய மாணவர்களும் நேற்று வந்து எங்களைத் தாண்டிப் போகிறார்கள். வீடு வாங்கலாமா, திரும்பிவிடலாமா என்று தெரியவில்லை. மகனுக்கு 13 வயது ஆகிறது.

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

வீட்டைப் பற்றி உங்கள் மனைவிதான் சொல்ல வேண்டும். திரும்புவதைப் பற்றியும் அப்படித்தான். மசோதாவுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஒரு மாதமாக நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் சொல்லும் மசோதா அமெரிக்கக் காங்கிரஸின் கீழவையில் எளிதாகவே தேறியிருக்கிறது. 2011-ல் 389-க்கு 15. 2019 ஜூலையில் 365-க்கு 65. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து போட்ட ஓட்டு. முதல் தடவை மேலவையான செனட்டில் தூங்கியது. இரண்டாம் தடவை ஒரு வருடத்துக்கு மேல் யாராவது ஒரு செனட்டர் கையைத் தூக்கி நிறுத்திக்கொண்டே இருந்தார். 2020 டிசம்பரில் ஒருவழியாக, நிறையத் திருத்தங்களோடு, எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. இரண்டு அவைகளின் வடிவங்களையும் ஒன்றாக்க நாள் போதவில்லை. ஜனவரியில் காங்கிரஸின் காலம் முடிந்தது, மசோதாவும் முடிந்தது. 2022 டிசம்பரில் இன்னொரு வடிவம் கீழவையில் ஓட்டுக்கு வருவதாக இருந்து, ஆள் சேராது என்று தெரிந்ததும் எடுத்துவைத்துவிட்டார்கள். இந்த வரலாற்றைப் பார்த்தபிறகு, இந்தமுறை நடக்கும் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்து அந்த நர்ஸ்கள். கார்த்திக், அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மூடிவைத்துவிட்டேன். அவர்கள் உங்கள் இடத்தைத் திருடியவர்களா? அவர்களும் உங்களுக்கு அடுத்த பிரிவான ஈபி-3 வரிசையில் வருடக்கணக்கில் காத்துக்கிடப்பவர்கள். ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் பெண்ணைவிட உங்கள் தகுதி எந்தத் தராசில் கூடுதலாக நின்றது? மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் உச்சவரம்பை மட்டும் எடுத்தால், உங்கள் காத்திருப்பு அப்படியே அவர்கள் தலையில் போய் உட்காரும். 2019-ல் செனட்டில் நர்ஸ்களின் பெயரைச் சொல்லித்தான் ஒரு தடை வந்தது. 'எனக்குக் கொடு' என்று கேட்கும் வரிசைக்காரர் 'அவளிடமிருந்து எடுத்துக் கொடு' என்று கேட்க ஆரம்பித்தால், எதிரே ஒரு கூட்டம் திரளத்தான் செய்யும்.

சரி, வேறு எதைக் கேட்பது? இதை நான் பல வருடமாகக் கேட்பவரிடமெல்லாம் சொல்லி வருகிறேன். உங்களிடமும் பொறுமையாகச் சொல்கிறேன்.

1990-ம் ஆண்டுச் சட்டம் வேலை வழி கிரீன் கார்டுக்கு வருடம் 1,40,000 என்று வைத்தது. அதில் ஈபி-2-வுக்கு 28.6 சதவீதம், ஏறக்குறைய 40,000. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்றால் இந்தியாவுக்கு 2,800. மற்றவர்கள் எடுக்காமல் மிச்சம் விட்டது சில வருடம் வந்து சேரும். அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. இப்போது பாருங்கள். உங்கள் வீட்டில் மூன்று பேர். வேலை ஒன்றுதான், விண்ணப்பித்த கம்பெனி ஒன்றுதான், ஆனால் மூன்று கிரீன் கார்டு எண்கள் போகின்றன. எல்லோரும் மூன்று பேராக வந்தால் 2,800 என்பது 930 வேலைக்காரர்கள். மொத்த 1,40,000-லும் பாதிக்கு மேல் மனைவி, கணவர், பிள்ளைகளுக்கே போகிறது. வேலை செய்பவரை மட்டும் எண்ணினால் போதும். யாரிடமிருந்தும் ஒரு எண்ணைக்கூடப் பிடுங்காமல் வரிசை இரண்டு மடங்கு வேகத்தில் நகரும். பிலிப்பைன்ஸ் நர்ஸுக்கும் நகரும், ஈரான்காரருக்கும் நகரும்.

இது என் கற்பனை இல்லை. 2013 ஜூனில் செனட் 68-க்கு 32 என்று நிறைவேற்றிய பெரிய குடியேற்ற மசோதாவில் குடும்பத்தினரை இந்தக் கணக்கிலிருந்து விலக்கும் பிரிவு இருந்தது. கீழவை அந்த மசோதாவை எடுத்துக்கொள்ளவே இல்லை. அதற்குப் பிறகு நம்மவர்கள் அந்த ஒரு பிரிவைக் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். உச்சவரம்பு, உச்சவரம்பு என்று பத்து வருடம் போய்விட்டது.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் நண்பன். கும்பகோணம் பக்கத்துக்காரன். 2013-ல் ஒரே வாரத்தில் ஒரே அலுவலகத்தில் சேர்ந்தோம். ஒரே படிப்பு, ஒரே வக்கீல். 2015 பிப்ரவரியில் ஒரே நாளில் எங்கள் இருவருக்கும் வரிசையில் இடம்பிடிக்கும் மனுவைப் போட்டார்கள். எனக்கு அடுத்த ஆண்டு முடிவதற்குள் கிரீன் கார்டு வந்துவிட்டது. ஏனென்றால் என் மனைவி மஸ்கட்டில் பிறந்தவள். அவளுடைய அப்பா அங்கே நாலு வருடம் கணக்கெழுதினார், அவ்வளவுதான். இந்தச் சட்டம் குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த ஊரைப் பார்க்கிறது. கணவன் மனைவியில் ஒருவர் பிறந்த நாட்டின் கணக்கில் மற்றவரும் போகலாம். நான் ஓமன் கணக்கில் போனேன். தகுதி என்ற சொல்லை அன்றோடு நான் விட்டுவிட்டேன்.

அவன் இந்திய வரிசையிலேயே நின்றான். 2020 அக்டோபரில் ஈபி-3 இந்தியாவுக்கு, கிரீன் கார்டுக்கான கடைசி மனுவைப் போடும் தேதி திடீரென்று 2015 ஜனவரி 1-க்குத் தாவியது, உங்களுக்கும் ஞாபகமிருக்கும். அதற்கு முந்தைய தேதிக்காரர்கள் பலரும் ஈபி-2-விலிருந்து இறங்கி வந்து மனுப்போட்டார்கள். இவன் சில வாரத்தில் தவறவிட்டான். அன்று போட்டிருந்தால் சில மாதத்தில் பயண அனுமதியாவது கையில் வந்திருக்கலாம்.

2021 மே மாதம் அவன் அப்பா இறந்தார். கொரோனாவால் மே 4 முதல் இந்தியாவிலிருந்து விசாக்காரர்கள் அமெரிக்காவுக்குள் வரத் தடை. கிரீன் கார்டு வைத்திருந்தவர்களுக்குத் தடையில்லை. அவன் மனைவியும் மகளும் அமெரிக்காவில், அவன் போனால் திரும்ப முடியாது. அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்திருந்த நான்தான் ஊரடங்கில் பயணம் போக இ-பதிவு எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். நான் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் அப்பா முகத்தைக் காட்டச் சொல்லவில்லை. "அம்மா எங்க உட்கார்ந்திருக்கா, அதைக் காட்டுடா" என்றான். அவர் அடுக்களை வாசலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காட்டினேன்.

அவன் மகள் பத்து வயதில் அமெரிக்கா வந்தவள். 2024-ல் 21 முடிந்தது. அப்பாவின் வரிசையிலிருந்து அவள் பெயர் விழுந்துவிட்டது. இப்போது மாணவர் விசாவில் இருக்கிறாள். எண்களைக் கொடுக்கும்போது பிள்ளையை ஒரு தலையாக எண்ணும் அதே சட்டம், எண் வந்துசேரும்வரை அந்தப் பிள்ளையைப் பிள்ளையாக வைத்திருப்பதில்லை. 2024 பிப்ரவரியில் வந்த எல்லை மசோதாவில் எச்-1பி பிள்ளைகளுக்குப் பாதுகாப்பும், வருடம் 18,000 வேலைவழி எண்கள் கூடுதலாகவும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை வெளியிட்டார்கள், புதன்கிழமை செனட்டில் விழுந்தது. அந்த மூன்று நாளும் அவன் என்னிடம் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன்.

மகனுக்கு 13 வயது என்பதைக் கடைசி வரியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கார்த்திக், உங்களிடம் எட்டு வருடம்தான் இருக்கிறது. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள். ஓட்டு இல்லாவிட்டாலும் நீங்கள் அந்தத் தொகுதியில் வரி கட்டிக் குடியிருப்பவர். நர்ஸ்களைப் பற்றி ஒரு சொல் வேண்டாம், தகுதியைப் பற்றியும் வேண்டாம். குடும்பத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று கேளுங்கள். முதல் வரியில் உங்கள் மகன் பிறந்த தேதியை எழுதுங்கள். எழுதியதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். நண்பனிடம் காட்டிவிட்டுப் பதில் போடுகிறேன்.