ஆரம்பக் கூட்டத்தில் எடுத்த முடிவு சட்டமாகுமா?

வணக்கம் ஐயா,

நான் இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில் வெல்லாவெளிப் பக்கம். உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன். அப்பா பெரும்போக நெற்செய்கையைத் தொடங்குமுன் விவசாயிகள் கூடும் ஆரம்பக் கூட்டத்துக்குப் போய் வந்து, "விதைப்புக்கு இதுதான் கடைசித் திகதி, மாடுகளையும் அதற்குள் வெளியே கொண்டு போகவேணும், மீறினால் வழக்கு" என்றார். சட்டம் ஆக்குவது பாராளுமன்றம் என்றுதானே படித்தோம்? பிரதேச செயலகத்தில் கூடி எடுத்த முடிவுக்கு எப்படி வழக்கு வரும்? எங்களைப் போன்ற ஆட்களுக்குச் சட்டம் ஆக்குவதில் இடம் இருக்கிறதா?

ஒரு மாணவி

அன்பு மகள்,

அப்பா சொன்னது சரி, நீங்கள் படித்ததும் சரி. 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சுதந்திரத்துக்கு முன்பு இயற்றிய சட்டங்களைத்தான் கட்டளைச்சட்டம் என்கிறோம். அவற்றில் பல இன்றும் உயிரோடு இருக்கின்றன. குளத்து நீரில் செய்கை பண்ணும் காணிக்காரர்கள் கூட்டத்தில் பெரும்பான்மையாக எடுக்கும் முடிவுக்கு அது சட்ட வலுக் கொடுக்கிறது. வராதவரும் அதற்குக் கட்டுப்பட்டவர், எதிர்த்துக் கை உயர்த்தியவரும் கட்டுப்பட்டவர்.

அந்தக் கூட்டத்தை ஒரு தடவை போய்ப் பாருங்கள். அரசாங்க அதிபரோ பிரதேச செயலாளரோ தலைமை வகிப்பார். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொல்வார். வாய்க்கால் துப்புரவு, முதல் தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், மாடுகளை மேய்ச்சல் தரைக்கு அப்புறப்படுத்தும் நாள் என்று ஒவ்வொன்றாகப் பேசி, சத்தம் போட்டு, கடைசியில் எழுதுவார்கள். பிறகு வயற்பகுதிக்குப் பொறுப்பான வட்டை விதானை அதை வயலில் பார்த்துக்கொள்வார். மீறியவர் நீதவான் முன் நிற்க வேண்டி வரும். ஆக, அதிகாரம் மேலே இருக்கிற சட்டத்திலிருந்து வருகிறது. முடிவு கீழே எடுக்கப்படுகிறது. அமைச்சர்கள் போடும் ஒழுங்குவிதிகளும், கட்டாக்காலி மாடு பிடிக்கிற பிரதேச சபையின் துணைவிதிகளும் இதே வழியில் வருபவைதான்.

இனிப் பாராளுமன்றத்துக்கு வருவோம். அமைச்சு ஒரு யோசனையை அமைச்சரவைக்குக் கொண்டுபோகும். அது சரியென்றால் சட்டவரைஞர் எழுதுவார், சட்டமா அதிபர் அரசியல் யாப்போடு பொருந்துகிறதா என்று பார்ப்பார். அப்புறம் அந்த வரைவு, சட்டமூலம் என்ற பெயரில் வர்த்தமானியில் வெளியாகி, பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெறும்.

நீங்கள் கேட்ட இடம் இதுதான் மகள். ஒழுங்குப் பத்திரத்தில் வந்த நாளிலிருந்து யாப்பு குறித்த சில நாட்களுக்குள் எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தீர்மானம் சொல்லும். சாதாரணப் பெரும்பான்மை போதுமா, 225 பேரில் 150 பேர் ஆதரிக்கவேண்டுமா, அதற்கும் மேலே சர்வசன வாக்கெடுப்பில் மக்கள் தீர்ப்பும் வேண்டுமா என்று அங்கேதான் முடிவாகும். அந்தக் காலம் போனால் போனதுதான். விவாதம் முடிந்து, வாக்கெடுத்து, சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டால், யாப்பின் 80(3)ஆம் உறுப்புரைப்படி எந்த நீதிமன்றமும் அந்தச் சட்டத்தின் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது. இந்தியச் செய்திகளைப் பார்த்துவிட்டு, "பிறகு கோட்டுக்குப் போகலாம்தானே" என்று நம்மவர்கள் நினைப்பது இங்கே சரிவராது. அங்கே நடைமுறைக்கு வந்த சட்டத்தையும் நீதிமன்றம் தூக்கி எறியலாம்.

அந்தக் காலம் போதாது என்பது என் உறுதியான கருத்து. வெல்லாவெளியில் இருக்கிற ஒருவர் சட்டமூலம் வந்ததை அறிந்து, வாசித்து, சட்டத்தரணி பிடித்து, நீதிமன்றம் இருக்கிற கொழும்பு புதுக்கடைக்குப் போய் மனுத் தாக்கல் செய்ய அந்தச் சில நாட்கள் எந்த மூலைக்கு?

அந்தச் சில நாட்களும் கிடைக்காத இடம் ஒன்றும் உண்டு. இரண்டாம் வாசிப்புக்குப் பிறகு, சட்டமூலத்தைப் பிரிவு பிரிவாகப் பார்க்கிற குழுநிலையில் திருத்தங்கள் செய்வார்கள். மனுவுக்கான காலம் அதற்கு முன்பே முடிந்துபோயிருக்கும். 2017 செப்டெம்பரில் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம் பெண் வேட்பாளர்களின் எண்ணிக்கையை உயர்த்தவென்று கொண்டுவரப்பட்டது. நல்ல நோக்கம். ஆனால் குழுநிலையில் தேர்தல் முறையையே தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறையாக மாற்றும் திருத்தங்களை அதற்குள் சேர்த்து நிறைவேற்றினார்கள். அதற்குத் தேவையான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றமே நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் நடக்காது என்றானது. நமது கிழக்கு மாகாண சபையின் காலமும் அதே 2017 செப்டெம்பரில் முடிந்தது. 37 உறுப்பினர்கள் இருந்து, நியதிச்சட்டம் என்கிற மாகாணச் சட்டம் ஆக்கவேண்டிய சபை அது. அதன் பிறகு அதற்குத் தேர்தலே நடக்கவில்லை. மட்டக்களப்பும் அம்பாறையும் திருகோணமலையும் தங்களுக்கென்று சட்டம் ஆக்கும் சபையை இழந்து நிற்பதற்கு அந்த ஒரு நாள் குழுநிலை பெரிய காரணம். பெண்களுக்கென்று வந்த சட்டமூலத்தால் அந்தச் சபைக்கு ஒரு பெண்ணும் இதுவரை போகவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

பரீட்சைக்கு யாப்பின் 75 முதல் 84 வரையான உறுப்புரைகளையும், 120 முதல் 124 வரையானவற்றையும் மூலத்திலேயே வாசியுங்கள். குறிப்புப் புத்தகம் போதாது. சட்டமூலங்களை அரசாங்க அச்சகத் திணைக்களம் தமிழிலும் இணையத்தில் போடுகிறது. அடுத்ததாகக் காணி, விவசாயம் பற்றி ஏதாவது வந்தால் அப்பாவோடு இருந்து வாசித்துப் பாருங்கள். விளங்காத பிரிவை எனக்கு எழுதுங்கள்.