சுற்றளவும் பரப்பளவும் குழம்பாமல் இருக்க என்ன வழி?

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குச் சுற்றளவும் பரப்பளவும் எப்போதும் குழம்புகின்றன. சூத்திரமெல்லாம் மனப்பாடம்தான், ஆனால் எதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. எப்படிப் புரியவைப்பது?

சூத்திரத்தைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். வேலிக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறைப் பக்கம் பூண்டும் கேரட்டும் போடுகிறவர்கள். காட்டுமாடு தோட்டத்தில் இறங்கினால் ஒரே ராத்திரியில் எல்லாம் போச்சு. அதனால் விதை வாங்குவதற்கு முன்னாலேயே வேலிக்கம்பி வாங்குகிற ஊர் இது. கம்பிக்கு அடிக்கணக்கு, விதைக்குச் சதுர அடிக்கணக்கு. இந்த இரண்டையும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் குழப்பிக்கொண்டு பார்த்ததில்லை.

இப்போது மகளிடம் 200 அடிக் கயிறு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 50-க்கு 50 என்று சதுரமாக வளைத்தால் உள்ளே 2,500 சதுர அடி. 60-க்கு 40 என்றால் 2,400. 90-க்கு 10 என்றால் வெறும் 900! கயிறு அதேதான், நிலம் மட்டும் பாதிக்கும் கீழே போய்விட்டது. கட்டம் போட்ட தாளில் அவளையே வரைந்து எண்ணச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கண்டுபிடிக்க முடியாது என்பது கண்ணால் பார்த்தால்தான் மண்டையில் ஏறும்.

மலையில் இந்த 90-க்கு 10 கணக்குதான் எங்களுக்குத் தலைவலி. படிப்படியாக வெட்டிய நிலம் எல்லாமே நீளமாக, ஒல்லியாகத்தான் இருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு படி, நான்கு பேருக்குச் சொந்தம் என்றால், தனித்தனியாக வேலி போட 800 அடி வேண்டும். நான்கையும் சேர்த்து ஒரே வேலியாகப் போட்டால் அது 90-க்கு 40, சுற்றளவு 260 அடி. ஆளுக்கு 65 அடிக் கம்பிக்காசு போதும். பங்காளிகள் பேசிக்கொள்ளாத இடத்தில் மட்டும்தான் இந்தக் கணக்கு பலிக்காது.

முக்கோணத்தில் ஒன்றே ஒன்றைக் கவனித்தால் போதும். அடிப்பக்கத்தில் பாதியை உயரத்தால் பெருக்குகிறோம். உயரம் என்பது சாய்ந்த பக்கம் இல்லை, உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்குச் செங்குத்தாக இறங்கும் கோடு. பிள்ளைகள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

கோணல்மாணலான நாலு பக்க நிலத்துக்கு வருவோம். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்கிச் சொல்லும் தரகர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். செவ்வகம் தவிர வேறு எந்த நிலத்துக்கும் இந்த முறை உண்மையைவிடக் கூடுதலாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. நாலு பக்கமும் 50 அடியாகச் சாய்ந்து கிடக்கும் மனை, எதிர்ப் பக்கங்களுக்கு நடுவே நேர்த்தூரம் 40 அடி என்றால் உண்மையான பரப்பு 2,000 சதுர அடி. தரகர் கணக்கில் 2,500. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆக இல்லாத ஒரு சென்டுக்கும் மேலே காசு கொடுக்கிறீர்கள். சரியான வழி, மூலைக்கு மூலை குறுக்காக ஒரு கோடு பிடித்து, மற்ற இரண்டு மூலைகளிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்துத் தூரம் அளப்பது. குறுக்குக்கோடு 120 அடி, செங்குத்துகள் 30, 42 என்றால் 120-ல் பாதி 60, அதை 72-ஆல் பெருக்கினால் 4,320 சதுர அடி. பத்து சென்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு முக்கோணத்தைக் கூட்டியதுதான், வேறொன்றுமில்லை.

சரிவு இருந்தால் இன்னொரு விஷயம் உண்டு. 60 அடி உயரம் ஏறுகிற செங்குத்தான சரிவில் தரையோடு டேப்பைப் போட்டால் 100 அடி காட்டும். மட்டமாக அளந்தால் அது 80 அடிதான். பத்திரத்திலும் பட்டாவிலும் இருப்பது மட்டமான அளவு. அதனால்தான் அளப்பவர்கள் டேப்பை மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, துண்டு துண்டாக இறங்குகிறார்கள். வேலிக்கம்பி மட்டும் 100 அடியே வாங்க வேண்டும். கம்பி தரையோடுதானே போகும்.

வட்டத்துக்குப் பழைய தமிழ்க் கணக்கில் ஒரு வழி இருக்கிறது: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு. எங்கள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி டேப் போட்டால் 22 அடி, குறுக்கே 7 அடி. 11-ஐ 3.5-ஆல் பெருக்கினால் 38.5 சதுர அடி. பை என்ற பேச்சே வரவில்லை பாருங்கள். அப்புறம் மெதுவாக, 22-ஐ 7-ஆல் வகுத்தால் என்ன வருகிறது என்று கேட்டுக்கொள்ளலாம்.

கொடைக்கானல் ஏரியையும் சொல்லிவிடுகிறேன். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் உருவாக்கியது. பரப்பு சுமார் 60 ஏக்கர், சுற்றிவரும் சாலை சுமார் 5 கிலோமீட்டர். அதே 60 ஏக்கர் வட்டமாக இருந்திருந்தால் ஒன்றே முக்கால் கிலோமீட்டரில் சுற்றி முடித்திருக்கலாம். நட்சத்திரம் மாதிரி கை கையாக நீண்டு கிடப்பதால்தான் இவ்வளவு நடை. திருப்பியும் போட்டுப் பார்க்கலாம்: 5 கிலோமீட்டர் வட்டத்துக்குள் எத்தனை ஏக்கர் அடங்கும்? ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், ஒரு சுற்று சுற்றிவிட்டு அவளையே போடச் சொல்லுங்கள். 490 ஏக்கருக்குப் பக்கத்தில் வந்தால் சரி.